அன்று சரியாகச் சொன்ன அப்பா, இன்று பிளாஸ்டிக் அரிசி என்கிறார்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு 64 வயது, பதினைந்து மா நிலம். மீத்தேன் திட்டம் வந்தபோது ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் துண்டறிக்கை கொடுத்தவர். கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு ஆளே மாறிவிட்டார். யாரோடும் பேசுவதில்லை, கைப்பேசியே கதி. புயலையே வெளிநாட்டுக்காரன் இயந்திரம் வைத்து உண்டாக்கினான் என்று சொல்லத் தொடங்கினார். அது அவர் பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் அம்மா இட்லிக்கு ரேஷன் அரிசியை ஊறவைத்தபோது சில மணிகள் மிதந்தன. அப்பா அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அரிசியே இல்லை, பிளாஸ்டிக்" என்றார். வீடியோவில் காட்டியபடி சோற்றை உருட்டித் தரையில் போட்டார், துள்ளியது. அரசாங்கம் தருவது எல்லாமே நம் சந்ததியை அழிக்கத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். என் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். ரத்தம் 8.6 தான் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைகளை அப்பா குப்பைக்குழியில் கொட்டிவிட்டார். நான் சண்டை போட்டேன். "மீத்தேன் சமயத்திலும் என்னைக் கிறுக்கன் என்றுதான் சொன்னீர்கள். கடைசியில் யார் சொன்னது நடந்தது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருக்கு மனநோயா? சான்றுகளைக் காட்டினால் கேட்பாரா, அல்லது பேசாமல் விட்டுவிடுவது நல்லதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அப்பாவைப் பற்றிப் பிறகு பேசுவோம், முதலில் தங்கை. கருவுற்ற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 முதல் 10 வரை நடுத்தர அளவு. 8.6 என்பது அலறிப் புடைத்துக்கொண்டு ஓடவேண்டிய எண் இல்லை. ஆனால் ஏழாம் மாதத்தில் ஒரு வாரத்தைக்கூட வீணாக்கக் கூடாத எண். பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் போகும் ரத்தம்தான் அவளுக்கும் போகும். கையிருப்பு குறைந்தவளுக்கு அதுவே ஆபத்தாகிவிடும். நாளைக் காலையே துணை சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரைகளைத் திரும்ப வாங்குங்கள். நடந்ததைச் செவிலியரிடம் மறைக்க வேண்டாம். மாத்திரை குப்பைக்குப் போன கதை அவருக்குப் புதிதாக இருக்காது. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நாளுக்கு ஒன்றா இரண்டா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சொல்லட்டும். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வயிறு புரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடலாம்.

மலம் கறுப்பாகப் போகும். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு அப்படித்தான் வெளியேறும். இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால், "பார்த்தாயா விஷம்" என்பதற்கு அது அவருக்கு இன்னொரு சாட்சி ஆகிவிடும். முதலிலேயே சொல்லி, சொன்னபடியே நடந்துவிட்டால் அதே கறுப்பு நிறம் மாத்திரையின் பக்கம் பேசும்.

அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிடலாமே என்று உங்களுக்கும் அம்மாவுக்கும் தோன்றியிருக்கும். வேண்டாம். அவர் கண்டுபிடிக்கும் நாளில், தன் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கூடிப் பேசி ஏமாற்றுகிறார்கள் என்ற அவருடைய எண்ணம், உங்கள் வீட்டைப் பொறுத்தவரை உண்மையாகவே ஆகிவிடும். "இது என் உடம்பு, என் பிள்ளை. நான் சாப்பிடப் போகிறேன் அப்பா" என்று தங்கையே அவரிடம் நேராகச் சொல்லட்டும். மாத்திரையை அவளே வைத்துக்கொள்ளட்டும். அப்பாவின் மனம் மாறும்வரை இது காத்திருக்க முடியாது.

அடுத்து, மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆளை நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதில் நோயின் அடையாளம் எனக்குத் தெரியவில்லை. நோயாக வரும் தவறான நம்பிக்கை பெரும்பாலும் அந்த ஒருவரைச் சுற்றியே இருக்கும்: என்னைக் கண்காணிக்கிறார்கள், என் சோற்றில் எதையோ கலக்கிறார்கள், தொலைக்காட்சியில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அப்பா சொல்வது ஊருக்கே தீங்கு நடக்கிறது என்பதை. அதை அவரோடு சேர்ந்து பல பேர் நம்புகிறார்கள். பலர் சேர்ந்து நம்பும் தவறை நாங்கள் நோய்ப் பட்டியலில் வைப்பதில்லை. வீட்டுச் சாப்பாட்டையே சந்தேகித்து ஒதுக்கினாலோ, இரவெல்லாம் தூங்காமல் காவல் இருந்தாலோ, பழகிய வழியும் பெயர்களும் மறந்து தடுமாறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். இந்த வயதில் புதிதாகத் தொடங்கும் சந்தேகத்துக்குப் பின்னால் சில சமயம் மறதி நோயும் இருக்கும். இன்னொன்று: தென்னை சாய்ந்ததிலிருந்து யாரோடும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் பிளாஸ்டிக் அரிசியைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். தூக்கம், பசி, எதிலும் நாட்டமில்லாமை ஆகியவற்றைக் கவனியுங்கள். மனச்சோர்வாக இருந்தால் அதற்கு வைத்தியம் உண்டு.

இனி, உங்களை வாயடைக்க வைத்த கேள்விக்கு வருகிறேன். அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதை மழுப்பிவிட்டு மேலே பேசினால் அவர் உங்களை மதிக்கமாட்டார்; மதிக்கவும் தேவையில்லை.

2010 ஆம் ஆண்டில் மத்திய அரசு மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கு அடியில் இருக்கும் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எரிவாயு எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டின் தொடக்கத்தில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் அதில் அடங்கியது. தங்கள் வயலும் அந்த வரைபடத்துக்குள் இருக்கிறது என்பது ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே காலமானபோதும் இந்தப் பிரசாரத்தில்தான் இருந்தார். அதே ஆண்டில் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு அமைத்தது. 2015 இல் திட்டம் வேண்டாம் என்று முடிவானது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தால், 2023 இல் வடசேரி, மைக்கேல்பட்டி என்று நம் ஊர்ப் பெயர்கள் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்து நின்றன. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, ஏப்ரல் 8 ஆம் தேதி மத்திய அமைச்சர் அவற்றை நீக்குவதாக அறிவித்தார்.

இவ்வளவையும் பார்த்த மனிதரிடம் போய், "அரசாங்கம் அப்படியெல்லாம் செய்யாது அப்பா" என்று சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

இதைவிடப் பழைய காயமும் இந்த மண்ணில் உண்டு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது நிலச்சுவான்தார்கள் விடுதலையானார்கள். அவ்வளவு பெரிய பணக்காரர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இதை நான் நினைவூட்டுவது பழைய பகையைக் கிளற இல்லை. "இப்படிப்பட்டவர்கள் இதைச் செய்வார்களா?" என்று ஆளின் தகுதியை வைத்துச் சான்றை எடைபோட்டார்கள். "இப்படிப்பட்ட அரசாங்கம் இதைச் செய்யாதா?" என்று உங்கள் அப்பா எடைபோடுகிறார். இரண்டிலும் என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன்பே, யார் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. படித்தவர்கள் இதற்கு விதிவிலக்கு இல்லை.

அப்படியானால் மீத்தேனுக்கும் பிளாஸ்டிக் அரிசிக்கும் என்ன வித்தியாசம்? மீத்தேன் விஷயத்தில் அப்பாவின் கையில் காகிதம் இருந்தது. ஒப்பந்தம் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று தெரிந்தது, எந்த ஊர் உள்ளே வருகிறது என்று வரைபடம் சொன்னது. ஏல அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எதிர்த்தரப்பே அப்படி ஒரு திட்டம் இல்லை என்று மறுக்கவில்லை. நல்லதுதான் என்று வாதாடியது. மேடைகளில் பேசப்பட்டதெல்லாம் அளந்து பேசப்பட்டது என்று சொல்லமாட்டேன். சிலர் கூட்டிக் குறைத்துப் பேசத்தான் செய்தார்கள். ஆனால் அடிப்படையான சங்கதி எவரும் சரிபார்க்கக் கூடியதாக இருந்தது. அப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: "அப்போது நீங்கள் சரியாகச் சொன்னீர்கள். எதை வைத்துச் சரியாகச் சொன்னீர்கள்?" தாமே பெருமையோடு சொல்வார், சொல்லட்டும். பிறகு, "இதற்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா, தேடிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். அவருடைய பழைய வெற்றியை அவருக்கு எதிரான ஆயுதமாக்காமல், அவருக்கே உரிய அளவுகோலாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். உங்கள் கடிதத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். மற்றதெல்லாம் இதைச் செய்யும் முறை.

அரிசிக்கு வருவோம். அப்பா பார்த்தது உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஆயுசு முழுக்க நெல்லோடு கிடந்தவர். ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்தால் என்ன ரகம், புதிதா பழையதா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு வேற்று மணி தெரிந்திருக்கிறது. அது வேற்று மணிதான். ரேஷனில் அண்மை ஆண்டுகளில் வந்தது செறிவூட்டிய அரிசி. அரிசியை மாவாக்கி, அதில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவத்தில் வெட்டிக் காயவைக்கிறார்கள். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் அது கலக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முன்னோட்டமாகத் திருச்சி மாவட்டத்தில் தொடங்கினார்கள். 2024க்குள் எல்லா அரசுத் திட்டங்களிலும் இந்த அரிசிதான் என்று 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கவேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகளில் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். ஆக, ரேஷன் அரிசியில் இயந்திரத்தில் செய்த மணியைக் கலந்திருக்கிறார்கள் என்று அப்பா சொன்னால் அது நூற்றுக்கு நூறு சரி. பிளாஸ்டிக் என்ற ஒரு வார்த்தைதான் தவறு. நெல் விளைவிக்கிறவனிடமே அரிசியில் என்ன கலந்திருக்கிறது என்று விளங்கும்படி சொல்லாமல் கடைக்கு அனுப்பியவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. சொல்லாமல் விட்ட இடத்தில் வீடியோ வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பா சோதனை செய்து பார்த்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. குறை சோதனையில் இருக்கிறது. தண்ணீரில் மிதப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பாலித்தீன் மிதக்கும். பிழிந்து செய்த மணியும் அடர்த்தி குறைவென்பதால் மிதக்கும். பூச்சி அரித்த அரிசியும் மிதக்கும். எது உண்மையாக இருந்தாலும் விடை மிதப்பதுதான் என்றால், மிதந்ததிலிருந்து நமக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். சோற்று உருண்டை துள்ளுவதும் இப்படித்தான். உங்கள் பத்தாயத்தில் சொந்த வயல் நெல் இருக்குமே, அதை அரைத்து வடித்து, அதே அளவு உருட்டி, அதே தரையில் போடச் சொல்லுங்கள். குழைந்த சோறு எதுவானாலும் கொஞ்சம் துள்ளும். வீடியோக்காரர்கள் ஏன் இந்த இரண்டாவது உருண்டையைக் காட்டுவதே இல்லை என்று அப்பாவே கேட்கட்டும்.

உண்மையிலேயே பிரித்துக் காட்டும் சோதனைகள் இருக்கின்றன. மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் கிடைக்கும். கொஞ்சம் தண்ணீரில் கலந்து, நசுக்கிய மணியின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். பிளாஸ்டிக் மாறாது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையின் துண்டையும் சொந்த அரிசியையும் வைத்து மூன்றிலும் விடுங்கள். (சோதித்த அரிசியைத் தூக்கி எறிந்துவிடுங்கள், கோழிக்கும் போட வேண்டாம்.) அடுத்தது, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுவது. அரிசி கருகிச் சாம்பலாகும், கருகிய தானிய வாசனை வரும். பிளாஸ்டிக் உருகி இழுபடும். அந்த நாற்றம் எல்லோருக்கும் தெரியும். வாசலில் வைத்துச் செய்யுங்கள், தங்கை தள்ளியே இருக்கட்டும். முக்கியமான ஒன்று: சோதிப்பதற்கு முன்பே, பிளாஸ்டிக் என்றால் என்ன நடக்கும், அரிசி என்றால் என்ன நடக்கும் என்று அப்பாவின் கையாலேயே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். விடை வந்த பிறகு விளக்கம் தேடினால் எந்த விடைக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

நாம் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றை 1960 இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் அழகாகக் காட்டினார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிப்படி அமைந்தவை, வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் இரட்டைப்படை எண்கள் என்று மனதில் முடிவுகட்டி 8, 10, 12 என்றார்கள். சரி என்று பதில் வந்தது. 20, 22, 24. அதுவும் சரி. நிச்சயத்தோடு விதியைச் சொன்னார்கள், தவறு. விதி வெறுமனே ஏறுவரிசை என்பதுதான். 1, 2, 3 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தங்கள் ஊகம் உடைவது தெரிந்திருக்கும். உடைக்கும் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. அப்பா கைப்பேசியில் 'பிளாஸ்டிக் அரிசி' என்று தேடுகிறார். பிளாஸ்டிக் என்று சொல்லும் வீடியோக்களே வரிசையாக வருகின்றன. நூறு பார்த்தாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிளாஸ்டிக் கலப்பது உண்மை என்றால் யார் யாருக்கெல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அரைவை ஆலை முதலாளி, அங்கே மூட்டை சுமப்பவர்கள், லாரி ஓட்டுநர், கிடங்குக் காவலர், ரேஷன் கடை விற்பனையாளர். இவர்களில் பலர் வீட்டில் கொதிப்பதும் அதே அரிசிதான். உங்கள் ஊரிலிருந்து ஆலை வேலைக்குப் போகிறவர் நிச்சயம் ஒருவராவது இருப்பார், அப்பாவே போய் அவரிடம் கேட்கட்டும். பிளாஸ்டிக் குருணையின் விலை அரிசியைவிட அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள். நஷ்டப்பட்டுக் கலப்படம் செய்கிற வியாபாரியை நான் கேள்விப்பட்டதில்லை. டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் என்ற இயற்பியலாளர் 2016 இல் ஒரு கணக்குப் போட்டார். நிலவுப் பயணம் பொய் என்றால் ஏறத்தாழ 4,11,000 பேர் வாய்மூடி இருந்திருக்கவேண்டும். அப்படியானால் நான்கு ஆண்டுகளுக்குள் குட்டு வெளிப்பட்டிருக்கும் என்றார். அவர் வைத்துக்கொண்ட ஊகங்களோடு சண்டை போடலாம். ஆள் கூடக்கூட ரகசியம் தங்காது என்பதோடு சண்டை போட முடியாது.

உண்மையான கூட்டுச்சதி எப்படி இருக்கும் என்பது டெல்டா விவசாயிக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறார்கள் என்ற புகாரை அவரே எத்தனையோ முறை சொல்லியிருப்பார். யார் கேட்கிறார், எவ்வளவு கேட்கிறார் என்பது ஊருக்கே தெரியும். நோக்கம் பணம். அவ்வளவு சின்னது, அவ்வளவு சலிப்பூட்டுவது. பெரிய சதிகளும் நடந்திருக்கின்றன. அவையும் தடயம் விட்டுத்தான் போயின. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் மேகநோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் தராமலே, நோய் என்ன செய்கிறது என்று 1932 முதல் 1972 வரை அரசின் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அதை வெளியே கொண்டுவந்தது அந்தத் துறையிலேயே வேலை பார்த்த ஒருவர் பத்திரிகையாளரிடம் கொடுத்த தகவல். அரசாங்க மருத்துவம் மக்களுக்குத் துரோகம் செய்ததே இல்லை என்று நான் அப்பாவிடம் சொல்லமாட்டேன். செய்த இடத்தில் பெயரும் கோப்பும் கிடைத்தன என்று சொல்வேன்.

சான்றைக் காட்டினால் கேட்பாரா? கேட்கவேமாட்டார்கள், காட்டக்காட்ட இன்னும் பிடிவாதமாவார்கள் என்று ஒரு கருத்து பரவியிருக்கிறது. 2010 இல் வந்த ஓர் ஆய்வு அதற்கு வித்திட்டது. ஆனால் 10,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து, பல விஷயங்களில் அதைத் திரும்பச் சோதித்து 2019 இல் வெளியிட்டபோது, அந்த எதிர்விளைவு ஏறக்குறைய எங்குமே தென்படவில்லை. 2024 இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கே வியப்பாக இருந்தது. சதிக் கதைகளை நம்பும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் செயற்கை நுண்ணறிவு நிரலோடு உரையாட விட்டார்கள். பொதுவான அறிவுரை கிடையாது. அவரவர் நம்புவதற்கு அவரவர் சொன்ன காரணத்துக்கே குறிப்பான பதில். நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோதும் குறைந்தபடியே இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு சொற்பம் என்று தோன்றும். உங்கள் வீட்டில் மாத்திரை மறுபடி குப்பைக்குழிக்குப் போகாமல் இருக்க அது போதும்.

ஆகவே பொதுவாகப் பேசாதீர்கள். "வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்பலாமா?" என்பது அவருடைய காரணத்துக்குப் பதில் இல்லை, அவருக்கு அவமானம். மிதந்த மணிக்குப் பதில் சொல்லுங்கள், துள்ளிய உருண்டைக்குப் பதில் சொல்லுங்கள். மாப்பிள்ளை முன்னாலும் உறவுக்காரர்கள் முன்னாலும் இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. அங்கே அவர் தோற்க முடியாது. சாயங்காலம் திண்ணையில் நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள்: "பத்துக்கு எவ்வளவு நிச்சயம் அப்பா?" எட்டு என்றால் ஏன் பத்து இல்லை என்று கேளுங்கள். சந்தேகத்துக்கு அவரே காரணம் சொல்லும்படி ஆகும். நீங்கள் சொல்லும் பத்துக் காரணங்களைவிட அது வலுவானது. "எதைப் பார்த்தால் உங்கள் எண்ணம் மாறும்?" என்றும் கேளுங்கள். எதைப் பார்த்தாலும் மாறாது என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு வயல் பேச்சுக்குப் போய்விடுங்கள். அதே கேள்விக்கு நீங்களும் பதில் வைத்திருக்கவேண்டும். அயோடின் விட்டு மணி நிறம் மாறவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதையும் தாளில் எழுதுங்கள்.

அவருடைய சந்தேகத்துக்கு உண்மையான வேலை ஒன்றும் இருக்கிறது. இரும்புச் சத்து சேர்த்த அரிசி ரத்தசோகையை எந்த அளவுக்குக் குறைக்கிறது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2019 இல், பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம் என்றே சொன்னது. தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்கள் இரும்பு சேர்த்த உணவில் கவனமாக இருக்கவேண்டும் என்று பொட்டலத்தில் அச்சிடச் சொல்லி 2018 விதிகள் கட்டளையிட்டன. ரேஷன் கடையில் சில்லறையாக அளந்து போடும் அரிசியை வாங்குபவர் எந்தப் பொட்டலத்தைப் படித்திருப்பார்? கிராம சபையில் எழுந்து இதைக் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். துண்டறிக்கை கொடுத்துப் பழகிய மனிதருக்கு இது கைவந்த வேலை. கைப்பேசியோடு தனியாக உட்கார்ந்திருப்பதைவிட அவருக்கு நல்லது என்றும் நினைக்கிறேன்.

புயல் இயந்திரத்தைப் பற்றி அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அந்த வீடியோக்களில் வழக்கமாகக் காட்டப்படும், வானத்தை நோக்கி வானொலி அலைகளை அனுப்பும் அலாஸ்கா ஆய்வு நிலையத்தின் ஒலிபரப்புத் திறன் 3.6 மெகாவாட். நம் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய பிரிவு மட்டுமே 840 மெகாவாட். அந்த ஆய்வு நிலையம் குறிவைப்பது தரைக்கு மேலே 60 கிலோமீட்டருக்கும் அப்பால். புயலும் மழையும் உருவாவது அதற்கு வெகு கீழே. இந்தக் கதையால் வீட்டில் யாருக்கும் கேடு வரவில்லை. தென்னையை இழந்தவருக்கு யார் மேலாவது கோபப்படவேண்டியிருக்கிறது.

மாத்திரைக்கும் ஒரு தாள் எழுதிவிடுங்கள். இன்றைய தேதி, ஹீமோகுளோபின் 8.6. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் குறைந்தது ஒரு கிராமாவது ஏறவேண்டும். அடுத்த பரிசோதனைக்கு அப்பாவையும் கூட்டிப்போய், எண்ணை அவரையே படிக்கச் சொல்லுங்கள். அரசு ஆய்வகத்தின் எண்ணை நம்பமாட்டேன் என்றால் அவர் சொல்லும் தனியார் ஆய்வகத்திலேயே பாருங்கள். ஏறவில்லை என்றால் மாத்திரை போதவில்லை, அல்லது வேறு காரணம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது பற்றிக் கேளுங்கள். 7க்குக் கீழே இறங்கினாலோ, நடக்கும்போது மூச்சு வாங்கினாலோ, கால் வீக்கத்தோடு படபடப்பு வந்தாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே தலைமை மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பிரசவத்தை வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், ரத்த வங்கி உள்ள மருத்துவமனை எது என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.